விழாமல் நிற்கும் குப்பை

1979 ஜூலையில் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ‘ஸ்கைலாப்’ என்ற பேச்சு காதில் விழாத ஊர் இருந்திருக்காது. அமெரிக்காவின் 77 டன் எடையுள்ள விண்வெளி நிலையம் கீழே விழப்போகிறது, எங்கே விழும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்ற செய்தி டீக்கடை, களத்துமேடு, பள்ளிக்கூடம் என்று பரவியது. அறுபதைக் கடந்த பெரியவர்களிடம் இன்றைக்குக் கேட்டாலும் அந்த நாட்களின் பயத்தைச் சொல்வார்கள். ஜூலை 11 அன்று அது உடைந்து, இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பெரன்ஸ் ஊர்ப் பக்கத்திலும் துண்டு துண்டாக விழுந்தது. யாருக்கும் காயமில்லை.

அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இருட்டத் தொடங்கும் நேரத்தில் யானைமலைப் பக்கம் நின்று, சர்வதேச விண்வெளி நிலையம் ஒரு பெரிய நட்சத்திரம்போல வானத்தைக் கடந்து போவதைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போதெல்லாம் வரும் முதல் கேள்வி, “அது நம்ம தலையில விழுந்துருமா சார்?” என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் எனக்குள்ள கவலை வேறு. விழாமல் மேலேயே சுற்றிக்கொண்டிருப்பவைதான் விண்வெளிப் பயணத்துக்குப் பெரிய ஆபத்து. எது விழும், எது விழாது என்பது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

400 கி.மீ. உயரத்தில் காற்றே கிடையாது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்டு, மிக மிக மெலிதாக. விண்வெளி நிலையம் விநாடிக்கு 7.66 கி.மீ. வேகத்தில் அதைக் கிழித்துக்கொண்டு போகிறது. அந்த வேகத்துக்கு இந்த மெல்லிய காற்றும் ஒரு தடைதான். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் ஆற்றல் போகும், உயரம் குறையும். கீழே வர வரக் காற்றின் அடர்த்தி கூடும், இழுவையும் கூடும். அவ்வப்போது எந்திரத்தை இயக்கி மேலே தள்ளிவிடாமல் இருந்தால் நிலையம் ஓரிரு ஆண்டுகளில் கீழே வந்துவிடும்.

இந்தக் காற்று எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. அதைக் கூட்டுவதும் குறைப்பதும் சூரியன். சூரியனில் கரும்புள்ளிகள் பெருகும் காலத்தில் அங்கிருந்து வரும் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் அதிகமாகும். அவை வளிமண்டலத்தின் மேலடுக்கைச் சூடாக்கும். சூடான காற்று விரிந்து உயரே ஏறும். நேற்றுவரை ஏறக்குறைய வெறுமையாக இருந்த உயரத்தில் இன்று காற்று கூடியிருக்கும். ஸ்கைலாபுக்கு நடந்ததும் இதுதான். விண்வெளி ஓடத்தை (ஸ்பேஸ் ஷட்டில்) அனுப்பி அதை மேலே தள்ளிவிடலாம் என்று நாசா நினைத்திருந்தது. சூரியன் எதிர்பார்த்ததைவிடத் தீவிரமாகிவிட்டது. முதல் விண்வெளி ஓடம் கிளம்பியதோ 1981-ல்தான்.

கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகி அடங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை நூறாண்டுக்கும் மேலாகப் படம்பிடித்துவரும் இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-ல் தொடங்கப்பட்டது. கரும்புள்ளியின் மையத்திலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டறிந்தது அங்கேதான். கண்ணாடித் தகடுகளில் சேர்ந்திருக்கும் அந்தப் பழைய சூரியப் படங்களை உலகெங்குமுள்ள ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் தூண்பாறையையும் ஏரியையும் பார்த்துவிட்டு இந்த ஆய்வகத்தைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்களே என்று எனக்கு எப்போதும் ஆற்றாமை உண்டு. அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்கலத்தின் முதன்மைக் கருவியையும் உருவாக்கியது.

2022 பிப்ரவரியில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களைத் தாழ்வான பாதையில் ஏவியது. மறுநாளே சூரியப் புயலின் தாக்கத்தில் காற்று விரிந்தது. 38 செயற்கைக்கோள்கள் மேலே ஏற முடியாமல் விழுந்து எரிந்தன. நிறுவனத்துக்கு நட்டம்தான். ஆனால் அதே காற்று கவனிப்பாரற்ற உடைசல்களையும் சேர்த்துத்தான் கீழே இழுக்கிறது. விண்வெளிக்கு என்று இயற்கை வைத்திருக்கும் ஒரே துப்புரவு ஏற்பாடு இதுதான்.

மனிதர்களுக்குச் சூரியப் புயல் நேரடி ஆபத்தும் கூட. 1972 ஆகஸ்டில் எழுந்த பெரும்புயல், அப்போலோ 16-க்கும் 17-க்கும் இடையில் யாரும் நிலவில் இல்லாத மாதத்தில் வந்தது நம் நல்ல காலம். சாதாரண நாளில்கூட, தரையில் நாம் ஓராண்டில் பெறும் இயற்கைக் கதிர்வீச்சை விண்வெளி நிலையத்தில் இருப்பவர் ஒரு வாரத்துக்குள் பெற்றுவிடுகிறார்.

காற்று செய்யும் இந்தத் துப்புரவு எல்லா உயரத்துக்கும் எட்டாது என்பதுதான் சிக்கல். 400 கி.மீ.யில் விட்ட துண்டு ஓரிரு ஆண்டில் வந்துவிடும். 600 கி.மீ.யில் விட்டது இருபது, முப்பது ஆண்டு சுற்றும். 800 கி.மீ. என்றால் நூறாண்டைத் தாண்டும். 1000 கி.மீ.க்கு மேலே கணக்கு ஆயிரம் ஆண்டுகளில் போகிறது. 1958-ல் அமெரிக்கா ஏவிய வான்கார்டு-1 என்ற சின்னஞ்சிறு செயற்கைக்கோள் இன்னும் மேலேதான் இருக்கிறது, 650 கி.மீ.க்குக் கீழே இறங்காத நீள்வட்டப் பாதையில்.

சரி, சுற்றட்டுமே, வானம் பெரியதுதானே என்று தோன்றலாம். ஆபத்து வேகத்தில் இருக்கிறது. ஒரே பாதையில் ஒரே திசையில் போகும் இரண்டு பொருள்களுக்கு இடையே வேக வேறுபாடு அதிகம் இராது. ஆனால் பாதைகள் பல சாய்வுகளில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அப்படிக் குறுக்கே வரும் பொருள்கள் மோதும்போது வேகம் சராசரியாக விநாடிக்கு 10 கி.மீ. இருக்கும். அந்த வேகத்தில் 1 கிராம் உலோகத் துணுக்கின் ஆற்றல் 50,000 ஜூல். மதுரை ரிங் ரோட்டில் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வரும் பைக், ஆட்களோடு சேர்த்து 250 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதன் ஆற்றலும் சரியாக 50,000 ஜூல்தான். பைக்கின் ஆற்றல் அகலமான பரப்பில் பரவும். துணுக்கின் ஆற்றல் முழுதும் ஒரே புள்ளியில் இறங்கும்.

1983-ல் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தின் ஜன்னல் கண்ணாடியில் பள்ளம் விழுந்தது. காரணம், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பெயின்ட் துகள். 2025 நவம்பரில் சீனாவின் மூன்று விண்வெளி வீரர்கள் ஊர் திரும்பவிருந்த ஷென்சோ-20 கலத்தின் ஜன்னலில் நுண்விரிசல்கள் தெரிந்தன. குப்பைத் துணுக்கு மோதியதாகக் கருதப்படுகிறது. அந்தக் கலம் பாதுகாப்பானதல்ல என்று முடிவாகி, ஒன்பது நாள் கழித்து அடுத்த குழுவினர் வந்த கலத்தில் அவர்கள் பூமிக்கு வந்தார்கள்.

இதற்குக் கவசம் உண்டா? உண்டு. ஃபிரெட் விப்பிள் என்ற வானியலாளர் 1940-களிலேயே சொன்ன யோசனை. கலத்தின் சுவருக்குச் சுமார் 10 செ.மீ. வெளியே, மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றை நிறுத்துவது. தகட்டில் பாயும் துணுக்கு, அதிர்ச்சியிலேயே நொறுங்கி, உருகி, ஆவியாகிவிடும். அந்த மேகம் இடைவெளியைக் கடக்கும்போது அகலமாக விரிந்துவிடுவதால், உள்சுவரில் எந்த இடத்திலும் துளைக்கும் அளவு அடி விழாது. தடித்த ஒரே சுவர் கட்டுவதைவிட எடையும் மிகக் குறைவு.

ஆனால் இந்தக் கவசம் தாங்குவது 1 செ.மீ. வரைதான். 10 செ.மீ.க்கு மேற்பட்டவற்றை ராடார் பார்த்துவிடும், நிலையத்தைச் சற்று நகர்த்தித் தப்பிக்கலாம். இரண்டுக்கும் இடைப்பட்டவைதான் கொடுமை. கவசம் தாங்காது, ராடாரிலும் பெரும்பாலும் சிக்காது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் மதிப்பீட்டின்படி இந்த அளவில் மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் சுற்றுகின்றன. இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா 2025-ல் விண்வெளி நிலையத்தில் சுமார் 18 நாள் தங்கியிருந்ததும், ககன்யான் வீரர்கள் போகவிருப்பதும் இந்தத் துண்டுகளுக்கு நடுவேதான்.

இவை எங்கிருந்து வந்தன? 2007 ஜனவரியில் சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோள் ஒன்றை ஏவுகணையால் உடைத்தது. உயரம் 865 கி.மீ. கண்காணிக்கக்கூடிய துண்டுகள் மட்டும் 3000-க்கு மேல். 2009 பிப்ரவரி 10 அன்று, இயங்கிக்கொண்டிருந்த அமெரிக்கத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் இரிடியம்-33, செயலிழந்த ரஷ்யச் செயற்கைக்கோளான காஸ்மாஸ்-2251 இரண்டும் 789 கி.மீ. உயரத்தில் மோதிச் சிதறின. துப்புரவு எட்டாத உயரங்கள் இரண்டுமே. பொருள்கள் இரண்டு மடங்கானால் அவை ஒன்றையொன்று சந்திக்கும் வாய்ப்பு நான்கு மடங்காகும். ஒரு கட்டத்துக்குப் பிறகு, புதிதாக எதையும் ஏவாவிட்டாலும் மோதலே மோதலை வளர்க்கும் என்று நாசாவின் டொனால்ட் கெஸ்லர் 1978-லேயே எழுதினார்.

நம் பங்கும் இதில் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. 2001 அக்டோபரில் ஏவிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டம், வேலை முடிந்து சுற்றிக்கொண்டிருந்தபோது டிசம்பரில் வெடித்து 300-க்கு மேற்பட்ட துண்டுகளானது. 2019-ல் நம் செயற்கைக்கோள் ஒன்றையே ஏவுகணையால் உடைத்துப் பார்த்த மிஷன் சக்தி சோதனை சுமார் 300 கி.மீ. உயரத்தில் நடந்ததால் பெரும்பாலான துண்டுகள் சில மாதங்களில் எரிந்தன. சில துண்டுகளை அந்த மோதல் 1000 கி.மீ.க்கு மேலே தூக்கி எறிந்தது.

வேலை முடிந்த ராக்கெட் பாகம் ஏன் வெடிக்கிறது? தொட்டிகளில் மிச்சம் எரிபொருளும் அழுத்த வாயுவும் தங்கிவிடுகின்றன. ஒரு நாளில் பலமுறை வெயிலும் நிழலும் மாறி மாறி அடிக்கின்றன. நாளடைவில் தொட்டி கசிந்தாலோ விரிசல் விட்டாலோ, ஒன்றையொன்று தொட்ட மாத்திரத்தில் தீப்பற்றும் எரிபொருளும் அதை எரியவைக்கும் திரவமும் கலந்துவிடும். 2001-க்குப் பிறகு இஸ்ரோ இதற்கு வழி செய்தது. வேலை முடிந்ததும் மிச்சத்தையெல்லாம் வெளியேற்றித் தொட்டியைக் காலியாக்கிவிடுகிறார்கள். 2024 ஜனவரி 1 அன்று ஏவிய பி.எஸ்.எல்.வி.யில் ஒரு படி மேலே போனார்கள். செயற்கைக்கோளை 650 கி.மீ.யில் விட்டபின் நான்காம் கட்டத்தை மறுபடி இயக்கி 350 கி.மீ.க்கு இறக்கினார்கள். மார்ச் 21 அன்று அது வளிமண்டலத்தில் எரிந்து முடிந்தது. மேலேயே விட்டிருந்தால் பல பத்தாண்டு சுற்றியிருக்கும். மோதலைத் தவிர்க்க 2023-ல் சந்திரயான்-3 ஏவப்படும் நேரத்தையே 4 விநாடி தள்ளிவைத்த எச்சரிக்கையும் இதே அக்கறையில் வந்தது. 2030-க்குள் அரசு, தனியார் என்று எல்லா இந்தியத் திட்டங்களும் குப்பை விடாதவையாக இருக்கும் என்று இஸ்ரோ 2024-ல் அறிவித்திருக்கிறது.

எரித்துவிட்டால் கணக்கு முடிந்ததா என்றால் இல்லை. எரிந்த கலங்களின் அலுமினியமும் பிற உலோகங்களும் ஓசோன் படலம் இருக்கும் அடுக்குமண்டலத்தின் (ஸ்ட்ராட்டோஸ்பியர்) துகள்களில் கலந்திருப்பதை 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஓசோன் படலத்தை இது என்ன செய்யும் என்பதுதான் அடுத்த ஆராய்ச்சி.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, தூத்துக்குடி, திருச்செந்தூர் வழியாகப் போனால் தசராவுக்குப் பேர்போன குலசேகரன்பட்டினம். அங்கே நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைத்துப் போக வேண்டும். குலசேகரன்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே கடல்தான். சிறிய ராக்கெட்டுகளுக்கு அது பெரிய மிச்சம். அவை போகப்போவது துருவங்களைக் கடக்கும் பாதைகளுக்கு. குப்பை மிகுந்த உயரங்கள் இந்தப் பாதைகளில்தான் இருக்கின்றன.

இங்கேதான் ஒரு கடினமான கணக்கு வருகிறது. மேலே போன பாகத்தைத் திரும்ப இறக்க எரிபொருள் மிச்சம் வைக்க வேண்டும். அப்படி வைக்கும் ஒவ்வொரு கிலோவும் காசு கொடுத்து ஏற்றும் சரக்கில் ஒரு கிலோ குறைவு. சின்ன ராக்கெட்டில் அந்தக் குறைவு பெரிதாகத் தெரியும், போட்டி முற்றும்போது முதலில் கைவிடத் தோன்றுவதும் அதைத்தான். அதனால், தனியார் நிறுவனங்களுக்கு மத்திய அரசின் இன்-ஸ்பேஸ் அமைப்பு தரும் அனுமதியிலேயே எவ்வளவு எரிபொருள் மிச்சம் வைக்க வேண்டும், எத்தனை ஆண்டுக்குள் கீழே வர வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்பேன். மேலே விட்டதைப் போய் எடுத்துவரும் வேலை இப்போதுதான் தவழ்கிறது. 2024-ல் ஜப்பானின் ஆஸ்ட்ரோஸ்கேல் நிறுவனம் கைவிடப்பட்ட ஒரு ராக்கெட் பாகத்தின் அருகே சுமார் 15 மீட்டர் வரை நெருங்கிப் படமெடுத்தது. அதைப் பிடித்துக் கீழே இறக்குவது அடுத்த பயணத்துக்கான வேலை.