கனவில் சிலை கண் திறந்தால்

கன்னியாகுமரி மாவட்டம் மயிலாடியில் கல்பட்டறைகள் இருக்கும் தெருவில்தான் என் அத்தை வீடு. உளிச் சத்தத்தோடுதான் அங்கே பொழுது விடியும். மாமா இருந்தவரை அவருக்கும் கல்வேலைதான். போன மாதம் ஒருநாள் காலையிலேயே அத்தை போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது.

"ஒரு சொப்பனம் கண்டேன் மக்களே. மாமா செஞ்ச அம்மன் சிலை, இன்னும் கண்ணு திறக்காததுல்லா, அது என்னைப் பாத்து முழிச்சுது."

தெருவில் யாரோ அதைத் தோஷம் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நம் மாவட்டத்தில் சிலைகளைப் பார்க்காமல் ஒரு வாரத்தைக் கழிப்பது கடினம். சுசீந்திரத்தில் 18 அடி ஆஞ்சநேயர், திருவட்டாறில் பள்ளிகொண்ட ஆதிகேசவர், சிதறால் மலைப்பாறையில் தீர்த்தங்கரர்கள், 2000 ஜனவரி 1-ல் திறந்த நாள் முதல் கடலுக்குள் நிற்கும் 133 அடி வள்ளுவர். இத்தனையும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும் ஊரில், அவை கனவில் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

'கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்' என்பதைத் தெருநாயை விரட்டக் கல் தேடுகிறவன் புலம்பலாகவே இப்போது சொல்கிறோம். கல்லில் வடித்த நாயைப் பற்றிய பழமொழி அது, கல்லாகப் பார்த்தால் நாய் தெரியாது, நாயாகப் பார்த்தால் கல் தெரியாது என்று விளக்கம் சொல்லும் பெரியவர்களும் உண்டு. எனக்கு அந்த விளக்கம்தான் பிடிக்கும், ஏனென்றால் சிலையைப் பார்க்கும்போது மூளைக்குள்ளும் அப்படி ஒரு இழுபறி நடக்கிறது. மூளையின் அடிப்புறத்தில், காதுக்குச் சற்றுப் பின்னால், முகங்களைக் கண்டதும் துடிப்பாக வேலை செய்யும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. மூளை ஆய்வாளர் நான்சி கான்விஷரும் அவருடைய குழுவினரும் 1997-ல் அதை விவரித்தார்கள். இரண்டு கண், ஒரு மூக்கு, ஒரு வாய் என்ற அமைப்பு தெரிந்தால் போதும், அது கல்லானாலும் ஓவியமானாலும் சுவரில் படிந்த ஈரக்கறையானாலும் 'யாரோ இருக்கிறார்' என்று அந்தப் பகுதி சொல்லத் தொடங்கிவிடும். 'யாருமில்லை, இது கல்' என்று நிதானித்துச் சொல்வது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. விழித்திருக்கும்போது இந்த இரண்டு குரலும் சேர்ந்தே ஒலிப்பதால்தான், சிலை நம்மைப் பார்ப்பது போலத் தோன்றினாலும் நாம் பதறுவதில்லை.

தூங்கும்போது இரண்டாவது குரல் அடங்கிவிடுகிறது. தூக்கத்தில் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை, மூடிய இமைக்குள் கண்விழி வேகமாக உருளும் ஒரு கட்டம் வரும். 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இதைக் கண்டு சொன்னார்கள். தெளிவான, கதை போன்ற கனவுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வரும். அப்போது காட்சியைக் கட்டும் பகுதிகளும், அச்சத்தையும் பாசத்தையும் கிளறும் அமிக்டலாவும் மும்முரமாக இருக்கின்றன, முன்மூளையில் சரி தவறு பார்க்கும் பகுதி மட்டும் தணிந்து கிடக்கிறது. தூங்குகிறவர்களை எழுப்பிக் கேட்ட ஓர் ஆய்வு 2017-ல் வெளிவந்தது. கனவில் முகம் கண்டதாகச் சொன்னவர்களுக்கு, எழுப்புவதற்குச் சற்று முன்பு அந்த முகப் பகுதியை ஒட்டியே செயல்பாடு கூடியிருந்தது. ஆக, கனவில் 'யாரோ இருக்கிறார்' என்ற குரல் உரக்கக் கேட்கிறது. 'இது கல்' என்று தடுக்க ஆளில்லை. அந்த நேரத்தில் சிலை இமைக்கும், சிரிக்கும், இறங்கி நடந்தும் வரும்.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பார்கள். விடிய விடிய இந்தக் கட்டம் நீண்டுகொண்டே போகும், அதற்குள்ளிருந்தே நாம் பலமுறை விழித்தும் விடுகிறோம், அதனால்தான் அந்தக் கனவு பசுமையாக மனதில் நிற்கிறது. ஒரு இரவில் நான்கைந்து முறை இந்தக் கட்டத்துக்குள் போய்வந்தாலும் மற்றதெல்லாம் மறந்துபோகும். நினைவில் நின்ற ஒன்று பின்னால் நடந்த ஏதோ ஒன்றோடு ஒத்துப்போனால் 'பலித்தது' என்கிறோம். ஒத்துப்போகாத நூறு கனவுக்குக் கணக்கு வைத்தவர் யார்?

சிலைக் கனவில் இன்னொரு வகை, நாமே கல்லாகச் சமைந்துபோவது. கண்விழி உருளும் அந்தக் கட்டத்தில், கனவில் ஓடுகிறவர் கட்டிலிலும் ஓடிவிடாதபடி, மூளைத்தண்டு கை கால் தசைகளைக் கட்டிப்போடுகிறது. சிலசமயம் அந்தக் கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிடும். கண் திறந்திருக்கும், விரலைக்கூட அசைக்க முடியாது, யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது போல இருக்கும். அமுக்குவான் பேய் என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். சில விநாடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில், தானாக விலகிவிடும். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். இதற்கு நேர்மாறாக, வயதானவர் ஒருவர் தூக்கத்தில் கனவுக்கேற்றபடி கைகால் வீசி அடிக்கிறார் என்றால் அதை விளையாட்டாக விடாதீர்கள். பார்க்கின்சன் நோய்க்குப் பல ஆண்டு முன்னறிகுறியாக அது இருக்கலாம், நரம்பியல் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

கனவுக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது? 2000-ல் தூக்க ஆய்வாளர் ராபர்ட் ஸ்டிக்கோல்டு குழு சிலரை, மேலிருந்து விழும் துண்டுகளை அடுக்கும் டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டை விளையாடவைத்தது. கண் அசரும் வேளையில் பலருக்கும் அந்தத் துண்டுகள் விழுவது தெரிந்தது. விளையாடியதையே மறந்துவிட்ட ஞாபகமறதி நோயாளிகள் சிலருக்கும் தெரிந்தது. கை செய்ததும் கண் கண்டதும் நம் நினைவைக் கேட்காமலே கனவுக்குள் புகுந்துவிடும். முந்தின நாள் நடந்தது மட்டுமல்ல, ஐந்தாறு நாள் முன்பு நடந்ததும் கனவில் தலைகாட்டும் என்று வேறு ஆய்வுகளும் காட்டுகின்றன.

அதனால் சிலை வந்தால் பணம் வரும், உடைந்த சிலை வந்தால் நோய் வரும் என்ற பட்டியல்களை நான் ஏற்பதில்லை. சிற்பி கனவில் வரும் சிலையும், வடைமாலை சாத்த நேர்ந்துகொண்டவர் கனவில் வரும் சிலையும் ஒன்றாக முடியாது. கண்டவர் வாழ்க்கையைக் கேட்காமல் கனவுக்குப் பொருள் சொல்ல வழியில்லை.

அத்தையிடமும் அதைத்தான் கேட்டேன். அந்தச் சிலை இப்போது எங்கே இருக்கிறது?

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "போன வாரம் லாரி வந்து ஏத்திட்டுப் போச்சு மக்களே."

மாமா கடைசியாகச் செய்த சிலை அது. மற்றதெல்லாம் முடிந்து கண் மட்டும் பாக்கி. கண் திறப்பைச் சிற்பிகள் கடைசி வேலையாக வைப்பார்கள். பொன் உளி தொட்டுக் கருவிழி கீறி, முதல் பார்வைக்குக் கண்ணாடியையும் பசுவையும் காட்டுவது வழக்கம். மாமாவுக்கு அந்த நாள் வாய்க்கவில்லை. இரண்டு வருடமாகத் தூசி தட்டி அத்தை காத்துவந்த சிலை, வேறொருவர் கையால் கண் திறக்கப் போய்விட்டது.

"பயமா இருந்ததா அத்தை?" என்றேன்.

"அப்ப பயமில்ல. அவங்க தோஷம்னு சொன்ன பெறகுதான். சொப்பனத்துல அவரு திறந்த கண்ணு மாதிரியே இருந்துது."