மறதிக்கு இரத்தப் பரிசோதனை: எதை முதலில் பார்ப்பது?

அம்மாவுக்கு மறதி கூடினால், அல்ஸைமர் இருக்கிறதா என்று இரத்தத்திலேயே பார்த்துவிடலாமா? ஓரளவு பார்க்கலாம். ஆனால் விலை கூடிய பரிசோதனையில் தொடங்குவது தலைகீழ் வேலை.

முதலில் வைட்டமின் பி12, தைராய்டு, சோடியம், கால்சியம், சர்க்கரை, சிறுநீரகம். இவற்றில் கோளாறு இருந்தாலும் மறதி வரலாம். பலதுறை மருந்தகத்திலேயே (பாலிகிளினிக்) இவற்றைக் கேட்கலாம். சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம். பல ஆண்டுகளாக நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களில் சிலருக்கு பி12 சரியாக உறிஞ்சப்படுவதில்லை. சைவ உணவும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் இறங்கும்.

பி12 எல்லைக்கோட்டில் நின்றால் இரத்தத்தில் மெத்தில்மலோனிக் அமிலம், ஹோமோசிஸ்டைன் என்ற இரு பொருள்களின் அளவையும் பார்ப்போம். பி12 குறைந்தால் இரண்டும் ஏறும். ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் குறைந்தால் ஹோமோசிஸ்டைன் மட்டும் ஏறும். சிறுநீரகம் தளர்ந்தாலும் இரண்டும் ஏறும் என்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு இல்லாமல் இந்த முடிவைப் படிக்கக் கூடாது. எடுத்த இரத்தத்திலிருந்து சிவப்பணுக்களைப் பிரிக்காமல் வைத்திருந்தால் அவை ஹோமோசிஸ்டைனைத் தொடர்ந்து வெளியிடும். இல்லாத கோளாறு தாளில் வந்து நிற்கும். பி12 குறைந்தவர் ஃபோலிக் அமிலம் (ஃபோலேட் மாத்திரை) மட்டும் சாப்பிடுவது ஆபத்து: சோகை தேறும், நரம்புச் சேதம் தொடரும்.

இரத்தத்தில் உள்ள சிறு மூலக்கூறுகளைக் கொண்டு அல்ஸைமரை முன்கூட்டியே கணிக்கும் முயற்சி இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. 2014இல் 10 கொழுப்பு மூலக்கூறுகள் 2, 3 ஆண்டுகளுக்கு முன்பே 90 விழுக்காட்டுக்கு மேல் துல்லியமாகக் காட்டுவதாக ஓர் ஆய்வு சொன்னது. 2016இல் வேறு குழுக்களிடம் சோதித்தபோது அது பலிக்கவில்லை. சாப்பாடு, மருந்து, மாதிரியை உறையவைத்த விதம் எல்லாமே இந்த அளவுகளைப் புரட்டிவிடும்.

இந்தச் சிறு மூலக்கூறுகளில் எர்கோதயோனின் சற்று சுவாரசியமானது. நம் உடல் அதைத் தயாரிக்காது. காளானில் நிறைய உண்டு. 60 வயதுக்கு மேல் அது குறைவதையும், லேசான அறிவாற்றல் குறைபாடு உள்ளோரிடம் இன்னும் குறைவாக இருப்பதையும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். குறைவதால் மறதி வருகிறது என்று அதற்குப் பொருளல்ல. சிப்பிக் காளான் வாங்கிச் சமையுங்கள். மாத்திரைக்குச் செலவழிக்க வேண்டாம்.

அல்ஸைமரில் இரத்தத்தில் கூடும் பி-டாவ்217 புரதம் வேறு வகை. அதையும், அல்ஸைமரில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தையும் இரத்தத்தில் ஒப்பிடும் பரிசோதனைக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2025 மே மாதம் அனுமதி தந்தது: 55 வயதும் அதற்கு மேலும் ஆகி, அறிகுறிகளும் உள்ளவர்களுக்கு மட்டும். சிறுநீரக நோய் பி-டாவ்217 அளவை ஏற்றிக் காட்டும், உடல் பருமன் இறக்கிக் காட்டும். நினைவாற்றல் தேர்வும் மூளை ஸ்கேனும் இல்லாமல் இதை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது.

மருத்துவரிடம் போகும்போது எல்லா மருந்துகளையும் கொண்டு போங்கள், ஊரிலிருந்து வந்த லேகியம் உட்பட. முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் மருத்துவரிடம் சொல்லி, இரத்தம் எடுப்பதற்கு 2, 3 நாள் முன்பே நிறுத்துங்கள். தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டிவிடும்.