பூதக்கண்ணாடியில் ஒரு குதிரைப்படை

1854 அக்டோபர் 25. கிரிமியாவில் பாலக்ளாவாவுக்கு அருகே ஒரு பள்ளத்தாக்கு. மூன்று பக்கமும் ருஷ்யப் பீரங்கிகள். கட்டளை ஒன்று, புரிந்துகொள்ளப்பட்டது வேறொன்று. கார்டிகன் பிரபு பிரிட்டனின் இலகு குதிரைப்படையை நேராக அதற்குள் ஓட்டிக்கொண்டு போனார். போனவர்கள் சுமார் 670 பேர். அவர்களில் ஏறத்தாழ 110 பேர் செத்தார்கள். கார்டிகன் உயிரோடு திரும்பினார்.

இந்தப் பாய்ச்சலைக் காட்டும் பழைய அச்சுப்படங்கள் ஏராளம். எல்லாவற்றையும் 'செதுக்கு ஓவியம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பூதக்கண்ணாடியை வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அந்தக் காலப் பத்திரிகைப் படங்களில் சாம்பல் நிறமே கிடையாது. 1842இல் தொடங்கிய 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' பக்கங்களைப் பாருங்கள், வெறும் கறுப்புக் கோடுகள்தான். கோடுகள் நெருங்கினால் நிழல், மெலிந்து விலகினால் பீரங்கிப் புகை. மற்றதைக் கண் கலந்துகொள்கிறது. இது மரக்கட்டை அச்சு. ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி, மேடாக நிற்கும் இடத்தில்தான் மை ஒட்டும். எனவே செதுக்குபவர் வெட்டுவது வெள்ளையை! தளபதியின் வாள் ஒரு மெல்லிய கறுப்புக் கோடாக வர, அதன் இருபுறமும் மரத்தைத் தோண்டி எடுக்க வேண்டும். செப்புத் தகட்டில் கதை நேர் எதிர். அங்கே கீறிய பள்ளத்தில் மை தங்கி, அதுவே கறுப்பாக விழும். நுணுக்கம் அபாரம்தான், ஆனால் அதை அச்சிடக் கனமான உருளை வேண்டும். ஈய எழுத்துகளோடு சேர்த்து ஓட்ட முடியாது. மரக்கட்டையையோ எழுத்தின் உயரத்துக்கே சீவி, செய்திக்குப் பக்கத்திலேயே பூட்டிவிடலாம். பத்திரிகைக்காரர்கள் மரத்தைப் பிடித்துக்கொண்டதன் காரணம் இதுதான்.

அதிலும் பலகை உதவாது. உளி நாரோடு போனால் வழுக்கும், நாருக்குக் குறுக்கே போனால் பிய்க்கும். கறிக்கடைக் கட்டையைப் பார்த்திருப்பீர்கள், மரத்தைக் குறுக்கே அறுத்த வில்லை. அதில் நார்கள் செங்குத்தாக நிற்பதால் எந்தப் பக்கம் கீறினாலும் ஒரே மாதிரி வெட்டும். இதற்குத் தோதானது பாக்ஸ் மரம். மெதுவாக வளரும், இறுக்கமானது. ஒரே குறை, அடிமரம் ஒல்லி. பெரிய படத்துக்குப் பல துண்டுகளை ஒட்டவைக்க வேண்டும். பின்னாளில் போல்ட் போட்டு இணைத்தார்கள்; அப்புறம் அவசரத்துக்குக் கழற்றி, ஆளுக்கொரு துண்டாகச் செதுக்கக் கொடுக்கவும் முடிந்தது. பழைய படத்தில் குதிரையின் வயிற்றுக்குக் குறுக்கே மயிரிழை போல நேரான வெள்ளைக் கோடு தெரிந்தால், அது அந்த இணைப்பு.

சரி, கண்ணாடியில் கோடுகளே இல்லாமல், சாக்பீஸ் தீற்றியதுபோல் பொடிப்பொடியாகத் தெரிந்தால்? அது கல்லச்சு. இதில் செதுக்கும் வேலையே இல்லை. சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பிசுக்குள்ள பென்சிலால் வரைந்து, கல்லை நனைத்து, மையை உருட்டுவார்கள். ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும், பிசுக்கு பிடித்துக்கொள்ளும்.

ஓவியர் வில்லியம் சிம்ப்சனின் புகழ்பெற்ற பாலக்ளாவா படம் இந்த வகை. அவர் கிரிமியா வந்து சேர்ந்ததே இந்தப் பாய்ச்சல் முடிந்த பிறகு, நவம்பரில். விசாரித்து வரைந்ததைக் கார்டிகனிடம் காட்டினார். எல்லாம் தப்பு என்றார் பிரபு. சிம்ப்சன் திருத்திக்கொண்டு போனார், அதுவும் தேறவில்லை. மூன்றாவது படத்துக்குப் பாராட்டு கிடைத்தது. லண்டனில் அதைக் கல்லில் ஏற்றி 1855இல் வெளியிட்டார்கள். மூன்றாவதில் அப்படி என்ன மாறியது என்பதைச் சிம்ப்சனே பிற்பாடு எழுதிவைத்தார்: படைக்கு முன்னால் பிரபு பளிச்சென்று தெரியும்படி பார்த்துக்கொண்டாராம்.