மணல் மணலைத்தான் தேடிப் போகும்

போர் வீடியோ கேம்களில் பாலைவனம் என்றாலே மணல்மேடுகள்தான், டாங்கிகள் அதில் ஏறி இறங்கிச் சண்டை போடுகின்றன, நிஜத்திலும் அப்படித்தானா என்று தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்.

பெரும்பாலும் இல்லை. இரண்டாம் உலகப் போரில், 1942இல் எகிப்தின் எல் அலமெய்ன் போர் நடந்தது கல்லும் சரளையுமான பொட்டல்வெளியில். பல இடங்களில் குழி வெட்ட முடியாமல் கல்லை அடுக்கி அதன் பின்னே பதுங்கினார்கள். பெருமணல் கடல் எனப்படும் மணல்மேட்டுப் பகுதி வெகு தொலைவில், சீவா என்ற பாலைவனச் சோலைக்குத் தெற்கே இருக்கிறது.

கல்வெளி ஓரிடம், மணல்மேடு ஓரிடம் என்று ஏன் இப்படித் தனித்தனியாக? பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் ரால்ஃப் பேக்னால்ட் 1930களில் காற்றுச்சுரங்கம் (உள்ளே காற்றைச் செலுத்திச் சோதிக்கும் நீண்ட கூண்டு) அமைத்து மணலை ஊதிப் பார்த்தார். எண்ணூர் கடற்கரையில் பலத்த காற்றில் நின்றிருந்தால் உங்களுக்கும் பாதி விடை தெரியும்: மணல் கணுக்காலில்தான் சுருக்சுருக்கென்று குத்தும், முகத்துக்கு அவ்வளவாக வராது. மணல் பறப்பதில்லை, தாவுகிறது. துள்ளி எழும் துகளை மேலே உள்ள வேகமான காற்று முன்னே தள்ளும். அது சாய்வாக வந்து விழுந்து மற்ற துகள்களைத் தெறிக்க விடும். அப்புறம் அவை தாவும். இந்த ஆட்டம் ஒருமுறை தொடங்கிவிட்டால் காற்று கொஞ்சம் தணிந்தாலும் நிற்காது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த கட்டம். கல்தரையில் விழும் துகள் கேரம் காய் கட்டையில் பட்டதுபோல் விண்ணென்று எகிறி, வேகம் குறையாமல் ஓடிவிடும். மணல்மேல் விழுந்தாலோ மற்ற துகள்களை உதைப்பதிலேயே வேகம் தீர்ந்து அங்கேயே தங்கிவிடும். ஆகவே கல்வெளி மணலைத் துரத்துகிறது, மணல்திட்டு மேலும் மணலைச் சேர்க்கிறது.

‘மணலை ஊதிப் பார்க்க ஒரு ஆராய்ச்சியா, அதற்குக் காசு வேறயா’ என்று கேட்பவர்கள் இங்கேயும் உண்டு. மணலை ஊதிப் பார்த்த அதே பேக்னால்ட்தான் 1940இல் பாலைவனத்துக்குள் நெடுந்தூரம் ஊடுருவும் படையை எகிப்தில் உருவாக்கினார். மணல் பற்றிய அவருடைய நூல் 1941இல் வந்தது.

தூசி கதை வேறு. அது மணலைவிட மிக நுண்ணியது. ஒன்றோடொன்று ஒட்டிக்கிடப்பதால் காற்று மட்டும் எளிதில் கிளப்பாது. தாவும் மணலோ டாங்கிச் சங்கிலியோ இடித்துக் கிளப்பிவிட்டால் உயர எழுந்து நெடுநேரம் மிதக்கும். தூரத்தில் வரும் வண்டிகளைப் பகலில் காட்டிக்கொடுத்தது இந்தத் தூசிதான். பல கேம்களில் அது டாங்கிக்குப் பின்னால் லேசாகப் புகைந்து சில விநாடிகளில் மறைந்துபோகிறது. மணல்மேடுகளைக்கூட மன்னித்துவிடலாம், இதைச் சரி செய்தால் போதும்.