புள்ளி மறைந்த பிறகும் ஆறு மாதம்

போன தை மாதம் அக்கா மகனுக்குச் சளி, தொண்டை வலி. அது விட்டுப் பத்து நாளில் இரண்டு காலிலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி, கணுக்காலில் வீக்கம், வயிற்று வலி. அப்பத்தா பூச்சிக்கடி என்று வேப்பெண்ணெய் தடவினார், எங்களுக்கோ டெங்கு பயம். டாக்டர் ஒரு கண்ணாடி டம்ளரைப் புள்ளிமேல் அழுத்திக் காட்டினார். வெறும் தடிப்பென்றால் வெளுத்துவிடும், இது வெளுக்கவில்லை, ஏனென்றால் ரத்தம் குழாயை விட்டுத் தோலுக்குள் கசிந்திருக்கிறது. டெங்குவில் குறையும் ரத்தத் தட்டணுக்கள் இவனுக்குச் சரியாகவே இருந்தன. நோயின் பெயர் ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ், அதாவது நுண் ரத்தக்குழாய்களில் அழற்சி. முன்பு ஹெனாக்-ஷூன்லைன் பர்புரா என்பார்கள், வாயில் நுழையாது.

ஐஜிஏ என்பது தொண்டையிலும் குடலிலும் காவல் நிற்கும் எதிர்ப்புப் புரதம். கிட்னி வரை நோய் போகும் குழந்தைகளிடம் அதன் ஒரு பகுதியில் ஒட்டியிருக்க வேண்டிய காலக்டோஸ் என்ற சர்க்கரை குறைவாக இருக்கிறது. அதனால் உடம்பின் வேறொரு எதிர்ப்புப் புரதமே அதை அந்நியமாக நினைத்துப் பிடித்துக்கொள்ள, இரண்டும் கட்டியாகச் சேர்ந்து நுண்குழாய்களில் படிகின்றன. படிந்த இடமெல்லாம் அழற்சி. தோலில் படிந்தால் புள்ளி, குடலில் படிந்தால் வலி.

கிட்னிக்கு வருவோம். மழை பெய்தால் எங்கள் வீட்டு வளவில் அண்டாவை வைத்து, அதன் வாயில் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டுவார் அப்பத்தா, தண்ணீர் இறங்கும், ஓட்டுத் தூசி மேலேயே நிற்கும். ஒவ்வொரு கிட்னியிலும் அப்படிச் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள். அழற்சியில் அந்தத் துணி இற்றுப்போனால் ரத்த அணுவும் புரதமும் சிறுநீரில் இறங்கிவிடும். ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்கு இது நடக்கிறது, பெரும்பாலும் லேசாக வந்து தானே சரியாகிவிடும். சிலருக்குத்தான் நிரந்தரச் சேதம்.

சிக்கல் என்னவென்றால் வலிக்காது, பெரும்பாலும் கண்ணுக்கும் தெரியாது. புள்ளி மறைந்து பல வாரம் கழித்தும் வரலாம், ஆரம்பத்திலேயே ஸ்டீராய்டு கொடுத்தாலும் தடுக்க முடியாது. அதனால்தான் ஆறு மாதம் வரை சிறுநீரையும் பிரஷரையும் பார்க்கச் சொல்கிறார்கள்.

எங்கள் பையன் திண்ணையில் குதித்துக்கொண்டிருந்த ஐந்தாவது வாரம், காலைச் சிறுநீரில் நனைத்த ஸ்ட்ரிப்பின் மஞ்சள் கட்டம் பச்சையானது, அதாவது புரதம். டாக்டர் எழுதியது பிரஷர் மாத்திரை. "ஆறு வயசுப் பிள்ளைக்கு பிரஷரா?" என்று அப்பத்தா சண்டைக்கே போய்விட்டார். பிரஷர் இல்லை அப்பத்தா, வடிகட்டியிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாயை அது தளர்த்தும், உள்ளே அழுத்தம் குறையும், புரதம் ஒழுகுவதும் குறையும். வைகாசியில் கட்டம் மறுபடி மஞ்சளானது. மாத்திரை இன்னும் ஓடுகிறது, ஸ்ட்ரிப் டப்பா சாமி அலமாரிக்குப் பக்கத்தில்.