எஸ்.டி.டி. நடுவுல நிக்கிற 'டிரங்க்' – அப்படின்னா என்ன?

ஆபரேட்டர் இல்லாம வெளியூருக்கு நாமே போன் போடுற வசதிதான் எஸ்.டி.டி., அதுக்கு விரிவாக்கம் கேட்டா பாதிப் பேர் 'ஸ்டாண்டர்டு'ன்னு ஆரம்பிப்பாங்க. சரியானது சப்ஸ்க்ரைபர் டிரங்க் டயலிங். சந்தாதாரர் தானே நம்பர் சுத்துறார், அதுவரைக்கும் புரியுது, நடுவுல டிரங்க் எதுக்கு?

மூலம் லத்தீன், கிளை வெட்டுன அடிமரத்துக்குப் பேரு. இங்கிலீஷ்ல அடிமரம்ங்கிற அர்த்தத்தோட, மரத்தைக் குடைஞ்சு செஞ்ச பெட்டிக்கும் அதே பேரு வந்துச்சு, நம்ம பரண்ல கிடக்குற ட்ரங்குப் பெட்டி அதேதான். கிளை பிரியுற மெயின் ரோடு, மெயின் ரயில் பாதைக்கும் ஒட்டிக்கிச்சு, ஜி.டி. (கிராண்ட் டிரங்க்) எக்ஸ்பிரஸ்ல இருக்குற 'டி'யும் இதுதான்.

டெலிபோன்ல, எக்ஸ்சேஞ்ச்லேர்ந்து வீட்டுக்கு வர்ற கம்பி கிளை மாதிரி, ஒரு ஊர் எக்ஸ்சேஞ்சையும் இன்னொரு ஊர் எக்ஸ்சேஞ்சையும் சேர்க்குறது டிரங்க் லைன். அது வழியா போனா டிரங்க் கால். அந்தக் காலத்துல இந்த லைனுங்க ரொம்பக் கம்மி, அதனாலதான் புக் பண்ணிட்டு உக்காந்திருக்கணும், ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங்னு ரேட்டு ஏற ஏற முன்னாடி கிடைக்கும், குறிப்பிட்ட ஆள்தான் வரணும்னா பி.பி. (பர்ட்டிகுலர் பர்சன்) கால், ஆபரேட்டர் போர்டுல கயிறு மாதிரி ஒயரை சொருகி கனெக்சன் கொடுப்பாங்க, மூணு நிமிஷம் முடிஞ்சா குறுக்க வந்து இன்னும் பேசணுமான்னு கேப்பாங்க.

1960ல லக்னோ–கான்பூர் நடுவுல நாட்டோட முதல் எஸ்.டி.டி. வந்துச்சு. அதாவது டிரங்க் போகல, ஆபரேட்டர்தான் போனாங்க, மெஷினே லைன் பிடிச்சுக் கொடுத்துச்சு. ஆனா இது சின்ன ஊரு வரைக்கும் வர ரொம்ப நாளாச்சு. 1984ல ஆரம்பிச்ச அரசாங்க டெலிபோன் ஆராய்ச்சி மையம் சி-டாட் செஞ்சது என் கணக்குல பெரிய வேலை: ஏ.சி. இல்லாமலே வெயிலு, தூசி தாங்குற 128 லைன் கிராமத்து டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச். அது பரவப் பரவத்தான் பஸ் ஸ்டாண்டு பக்கமெல்லாம் மஞ்ச போர்டு எஸ்.டி.டி. பூத்து, ராத்திரி கால்வாசி ரேட்டுக்கு வரிசையில நிக்கிற கூட்டம் எல்லாம்.

தமிழ்ல டிரங்க் காலுக்கு தொலைதூர அழைப்பு, நெடுந்தொலைவு அழைப்புன்னு எழுதுறோம். நல்ல சொல்லுதான், ஆனா தூரம் தெரியுது, கம்பி தெரியல. பேச்சுல 'வெளியூர் கால்'னு சொன்னது இன்னும் கிட்ட வருது, ஏன்னா ஊர் தாண்டுறதுதான் இங்க விஷயம். எஸ்.டி.டி.க்கு 'நேரடி வெளியூர் அழைப்பு' போதும். டிரங்க் லைனுக்கு 'ஊரிணைப்புத் தடம்'னு வச்சுக்கலாம்னு நான் சொல்லுவேன், அடிமரம்னு நேரா மொழிபெயர்த்தா யாருக்கும் விளங்காது.

பூத்தெல்லாம் மூடியாச்சு, டிரங்க் மட்டும் இன்னும் போகல. 044, 0452ல முன்னாடி இருக்குற 0 இருக்கே, அது ஊர் கோடே கிடையாது, "வெளியூர் கால், டிரங்க்ல விடு"ன்னு எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்ற சிக்னல். அதனாலதான் துபாய்லேர்ந்து சென்னை லேண்ட்லைனுக்குப் போடுறவங்க 91க்கு அப்புறம் வெறும் 44 போடுறாங்க. 2021 ஜனவரி 15லேர்ந்து லேண்ட்லைன்ல எந்த மொபைலுக்குப் போட்டாலும், எதிர் வீட்டு ஆளா இருந்தாலும், முன்னாடி 0 கட்டாயம், மொபைலுக்குப் புது நம்பர் சீரீஸ் ஒதுக்க இடம் வேணும்னு பண்ணது.