இடரேற்பு: பள்ளிக்கூடம் சொல்லும் ‘ரிஸ்க்’குக்குத் தமிழ் என்ன?

‘ரிஸ்க்’ என்றால் என்னவென்று யாரும் அகராதியைப் புரட்டுவதில்லை. சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் மீன் வாங்கும் பாட்டிக்கும் அது தெரியும். “ரிஸ்க் எடுக்காதே”, “ரிஸ்க்கான வேலை”, “அதெல்லாம் செம ரிஸ்க்” என்று தமிழ் வினையும் விகுதியும் ஏற்று வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது.

பள்ளியிலிருந்து பெற்றோருக்குச் செய்தி வரும்போதுதான் சிக்கல். உயர்நிலைப் பள்ளிப் பெற்றோர் கூட்டங்களில் ‘ரிஸ்க் டேக்கிங் பிஹேவியர்’ என்ற தொடர் அடிக்கடி அடிபடுகிறது. மின்சிகரெட், பிரேக் இல்லாத சைக்கிள், இணையத்தில் பழகிய ஆளைத் தனியாகப் போய்ச் சந்திப்பது, நண்பர்கள் சீண்டினார்கள் என்று கடையில் பொருளை எடுத்துப் பைக்குள் போடுவது, பாதுகாப்பில்லாத உடலுறவு, எல்லாம் அந்த ஒரே தலைப்பின்கீழ் வரும். கேட்டுக்கொண்டிருக்கும் நம்மவர் ஒருவர் அதைக் ‘கெட்ட பழக்கம்’ என்று எடுத்துக்கொள்கிறார். இன்னொருவர் ‘தறுதலைத்தனம்’ என்கிறார். அந்தத் தொடருக்குப் பொருள் இரண்டுமே இல்லை.

முதலில் சொல் வந்த வழியைப் பார்க்கலாம். ஆங்கிலத்துக்கு இது 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்கு இத்தாலியிலிருந்து. இன்னும் பின்னே போனால் 12ஆம் நூற்றாண்டு ஜெனோவா வணிகர்களின் கடல்வாணிப ஒப்பந்தங்களில் ‘ரெசிக்கும்’ என்ற லத்தீன் வடிவம் கிடைக்கிறது. கப்பல் கரை சேராவிட்டால் நட்டம் யார் தலையில் விழும் என்று தீர்மானிக்கும் வாசகத்தில் அது வரும். அதற்கும் முந்தைய வேர் எது என்பதில் அறிஞர்களுக்குள் இழுபறி. வேரையும் பாறை அடியையும் குறிக்கும் கிரேக்கச் சொல்தான், மாலுமி அஞ்சும் பாறையிலிருந்து வந்தது என்பது ஒரு கட்சி. ஆண்டவன் அளந்த படி, வாழ்வாதாரம் என்று பொருள்படும் அரபுச் சொல் ‘ரிஸ்க்’ என்பது மறுகட்சி. நம் மலாய் அண்டைவீட்டார் வாய்க்கு வாய் சொல்லும் ‘ரெஸெக்கி’ அந்த அரபுச் சொல்லேதான். தமிழ் முஸ்லிம் குடும்பங்களிலும் அது புழங்குகிறது. எனக்கு இரண்டாவது கதைதான் பிடித்திருக்கிறது, ஆனால் பிடித்திருப்பது ஆதாரமாகிவிடாது.

எந்தக் கதை சரியென்றாலும் ஒன்று நிச்சயம். வணிகனின் வாயில் இந்தச் சொல்லுக்கு வெறும் கேடு என்ற பொருள் இல்லை. கப்பல் முழுகலாம், முழுகாவிட்டால் மிளகு வந்து சேரும். இரண்டையும் தெரிந்துகொண்டுதான் அவன் பணத்தைப் போடுகிறான். பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது சொல்லின் இந்தப் பாதியை நாம் கழற்றிவிடுகிறோம்.

வளரிளம் பருவ ஆய்வுக்குள் இந்தச் சொல் வேரூன்றியதில் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் ஜெஸ்ஸருக்குப் பெரிய பங்கு உண்டு. 1991இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று இன்றைக்கும் எடுத்தாளப்படுகிறது. அதில் அவர் ஒரு கோடு கிழிக்கிறார். கிளுகிளுப்புக்காகவே தெரிந்து செய்வது வேறு, கேட்டில் கொண்டுபோய் விடக்கூடிய நடத்தை என்பது வேறு. நுரையீரல் நோயிலிருந்து தப்ப முடிகிறதா பார்க்கலாம் என்ற பரபரப்புக்காகத் தொடர்ந்து சிகரெட் பிடிக்கும் பிள்ளைகள் அரிது என்பது அவருடைய வாதம். பிடிக்கிற பிள்ளைக்கு வேறு ஏதோ கிடைக்கிறது: கூட்டத்தில் ஓர் இடம், பெரியவனாகிவிட்ட நினைப்பு, பெற்றோரிடமிருந்து கொஞ்சம் விலகல், வீட்டுக் கவலையை மறக்க ஐந்து நிமிடம். என்ன கிடைக்கிறது என்று தெரியாமல் “விடு” என்று மட்டும் சொன்னால் அவன் எதை வைத்து அந்த இடத்தை நிரப்புவான்?

சரி, தமிழுக்கு வருவோம்.

அபாயம். கட்டுமானத் தளத்தைச் சுற்றிய தகரவேலியில் நான்கு மொழியில் எழுதிய பலகை தொங்குமே, அதில் தமிழுக்குப் பெரும்பாலும் வந்து உட்காரும் சொல் இது, அல்லது ஆபத்து. அபாயம் சமஸ்கிருதத்தில் விலகிப்போதல், இழப்பு, அழிவு. உபாயத்துக்கு எதிர்ச்சொல்லாக நம் காதில் ஏறியது. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரம் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் ‘சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை’யும் இதுதான். முதலீட்டுக்குப் பரவாயில்லை. ஒரு பிள்ளையின் நடத்தையை ‘அபாயகரமான நடத்தை’ என்று எழுதினால், படிக்கிறவர் மனத்தில் அந்தப் பிள்ளையே தகரவேலிக்கு உள்ளே போய்விடுகிறது. அருகில் வராதே என்கிற பலகை வாசம் அந்தச் சொல்லை விட்டுப் போகவே போகாது.

ஆபத்து வந்து மேலே விழுவது. சொல்லின் வடமொழி வேரே விழுதலைக் குறிப்பதுதான். “ஆபத்துக்குப் பாவமில்லை” என்ற பழமொழியைப் பாருங்கள், அகப்பட்டவன்மேல் குற்றமில்லை என்கிறது. நாமாகப் போய்த் தேடிக்கொள்வதற்கு இந்தச் சொல் ஒத்துவராது. ‘விபரீத விளையாட்டு’ செய்தித்தாள் தலைப்புச் சொல். கேடு நடந்து முடிந்தபிறகு போடுவது, அவ்வளவுதான்.

பேச்சுத்தமிழில் இதற்கு அருமையான வழக்கு இருக்கிறது. வம்பை விலைக்கு வாங்குவது. நாம் ஆபத்தை ‘எடுப்பதில்லை’, காசு கொடுத்து வாங்குகிறோம். வாங்குகிறவனுக்குப் பதிலுக்கு ஒன்று கிடைக்கிறது என்ற வணிகக் கணக்கு அதற்குள்ளேயே இருக்கிறது. கல்வி அறிக்கையில் போட முடியாது என்பதுதான் குறை.

துணிச்சலுக்கு நேர்மாறான சிக்கல். அது பாராட்டு. பல மாடி வாகன நிறுத்துமிடத்தின் சரிவில் ஃபிக்ஸி ஓட்டும் பையனைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தச் சைக்கிளில் பின்சக்கரம் சுற்றும்வரை மிதியும் சுற்றிக்கொண்டே இருக்கும், காலை வெறுமனே வைக்க முடியாது. நிறுத்த வேண்டுமென்றால் மிதியை எதிர்த்துக் காலால் அழுத்தி, உடல் எடையை முன்னால் சாய்த்து, பின்சக்கரத்தைத் தேய்த்துச் சறுக்க வேண்டும். கைபிரேக் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அதைக் கழற்றிவிட்டு ஓட்டுவதில்தான் மவுசு. அந்தப் பையனிடம் போய் ‘துணிச்சல்’ என்று சொன்னால் மார்பை நிமிர்த்திக்கொள்வான். “இளங்கன்று பயமறியாது” என்று தாத்தா சிரித்தால் இன்னும் மோசம். கன்றுக்குப் பயம் தெரியும், நண்பன் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்பதுதான் விஷயம்.

இது வெறும் ஊகமில்லை. 2005இல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பர்க்கும் ஒரு கணினிக் கார் விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். மஞ்சள் விளக்கு எரிந்தபிறகும் ஓட்டினால் புள்ளி கூடும், எந்த நேரமும் மோதலாம். தனியாக ஆடியபோதைவிட, கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தபோது பதின்ம வயதினர் கூடுதலாக ஓட்டிப் பார்த்தார்கள். 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் அந்த வேறுபாடு பெரிதாக இல்லை. அறிவுரை கேட்கும்போது தலையாட்டும் பிள்ளை புளோக்கின் கீழ்த்தளத்தில் நண்பர்களோடு வேறு பிள்ளையாக இருப்பதற்கு அறியாமை காரணமல்ல.

துணிச்சலைத் தள்ளினாலும் ‘துணி’ என்ற வினையைத் தள்ளிவிடாதீர்கள். துணித்தல் என்றால் வெட்டுதல், துணிதல் என்றால் முடிவுகட்டுதல். “எண்ணித் துணிக கருமம் துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு” என்ற குறள் ‘தெரிந்து செயல்வகை’யில் வருகிறது. அங்கே துணிவு வீரமில்லை, நிறுத்துப் பார்த்து எடுத்த முடிவு. இதே வள்ளுவர் “அஞ்சுவது அஞ்சாமை பேதைமை” என்றும் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் பள்ளி ஆலோசகருக்கு வேண்டிய பாடம் பாதி வந்துவிடுகிறது. நம் ஊரில் ‘கியாசு’ என்று சொல்லும் தோல்விப் பயம் இதற்கு நேர் எதிர்முனை. தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் எதையும் தொடாத பிள்ளையைப் பற்றியும் யாராவது கூட்டம் போடலாம்.

கடைசியாக இடர். ‘இடர்களையாய்’ என்று சம்பந்தர் நெடுங்களத்தில் பாடியபோது அது வந்துவிட்ட துன்பம். இன்றைக்குப் பேரிடர், இடர் மேலாண்மை என்று வரக்கூடிய துன்பத்தையும் சுமக்கிறது. இலங்கைத் தமிழர் ‘இடர்நேர்வு’ என்று இன்னும் நுட்பமாகச் சொல்கிறார்கள், நேரக்கூடும் என்பது சொல்லுக்குள்ளேயே தெரிகிறது. மிரட்டலும் இல்லை, மெச்சலும் இல்லை. என் தீர்ப்பு இதன் பக்கம்தான். தெரிந்து, வேண்டி ஏற்பது இடரேற்பு. தெரிந்தோ தெரியாமலோ கேட்டில் கொண்டுபோய் விடக்கூடியது இடர்தரும் நடத்தை. ஜெஸ்ஸர் கிழித்த கோடு தமிழில் இப்படி நின்றுவிடுகிறது.

இரண்டு சொல் எதற்கு என்று கேட்டால், மின்சிகரெட்டைக் காட்டுவேன். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரியிலிருந்து அதை வைத்திருப்பதும் வாங்குவதும் பிடிப்பதும் குற்றம். 2025 செப்டம்பர் 1 முதல் எட்டோமிடேட் சி வகைப் போதைப்பொருளாகப் பட்டியலில் ஏறியது. அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியை மயக்கமடையச் செய்ய மருத்துவமனையில் ஊசியாகப் போடும் மருந்து அது. அதைக் கலந்த குப்பிக்குப் பிள்ளைகளிடம் ‘கேபாட்’ என்று பெயர். பள்ளிக் கழிப்பறையில் கைமாறும் கருவி விரல் நீளம்தான், லிச்சி அல்லது மாம்பழ வாசம் அடிக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று கொடுத்தவனுக்கே தெரியாமல் இருக்கலாம். அதை இழுத்துவிட்டுக் கைகால் நடுங்க நிற்கும் பிள்ளை மயக்கமருந்தை ‘ஏற்கவில்லை’. அதற்குத் தேவை தகவல், சீக்கிரமாக, நேராக. உள்ளே இருப்பது தெரிந்தும் இழுக்கிற பிள்ளைக்கு அதே தகவலை இன்னொரு முறை ஒப்பித்துப் பயனில்லை. அங்கே பேச்சு வேறு இடத்தில் தொடங்க வேண்டும். 2025 செப்டம்பர் விதிப்படி 18 வயதுக்குட்பட்டவருக்கு முதல் தடவை அபராதம் 500 வெள்ளி, பெரியவர்களுக்கு 700. தெரிந்து இழுத்த பிள்ளையையும் தெரியாமல் இழுத்த பிள்ளையையும் சட்டம் ஒரே தட்டில் வைப்பது சரி. பள்ளி அப்படி வைக்கக் கூடாது.

பயமுறுத்திப் பார்க்கலாமே என்று பலருக்கும் தோன்றும். பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1970களில் சிறுவர்களைச் சிறைக்கு அழைத்துப்போய்க் கைதிகளை விட்டு அதட்டவைத்தார்கள். பிற்பாடு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, போகாத சிறுவர்களைவிடப் போய்வந்தவர்களே கூடுதலாகக் குற்றத்தில் இறங்கியிருந்தார்கள். 1983இல் லாஸ் ஏஞ்சலீஸில் போலீஸ் அதிகாரிகள் வகுப்புக்கு வந்து போதைப்பொருள் பாடம் நடத்தும் திட்டம் தொடங்கி நாடு முழுக்கப் பரவியது. அதன் முதல் வடிவத்தால் பிள்ளைகளின் பழக்கத்தில் பெரிய மாற்றம் எதுவும் ஏற்படவில்லை. மாறாக, பள்ளியில் தன்னைத் தெரிந்த ஒரு பெரியவராவது இருக்கிறார் என்று நினைக்கும் பிள்ளைகள் குறைவாகவே இதில் சிக்குகிறார்கள் என்பது திரும்பத் திரும்பத் தெரிய வந்திருக்கிறது. இங்கே பள்ளிதோறும் ஆலோசகர் இருக்கிறார், சக மாணவர் ஆதரவுக் குழு இருக்கிறது. பிள்ளை முதலில் போய்ச் சொல்வது ஆலோசகரிடம் அல்ல, பக்கத்து மேசைத் தோழியிடம். அந்தத் தோழிக்கு அடுத்து யாரிடம் போவது என்று தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. போனால் காட்டிக்கொடுத்ததாக ஆகுமோ என்ற பயத்தைப் பள்ளிதான் முன்கூட்டியே போக்க வேண்டும்.

இன்னொரு வழியும் கண்ணெதிரே இருக்கிறது. புலாவ் உபின் தீவில் 1967 முதல் இயங்கும் அவுட்வர்ட் பவுண்ட் என்ற வெளிப்புறச் சாகசப் பயிற்சி முகாமுக்கு உயர்நிலை 3 மாணவர்கள் ஐந்து நாள் போகிறார்கள். மரஉச்சிக் கயிற்றில் நடக்கும்போது வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் இடுப்பில் வார் இருக்கிறது, கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வகுப்புத் தோழன் நிற்கிறான். ஃபிக்ஸியில் சரிவில் சறுக்கியவனுக்கு வேண்டியிருந்த எல்லாமே இங்கேயும் உண்டு: உயரம், கலக்கம், பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டாளிகள். இதுவும் இடரேற்பேதான். ஐந்து நாளோடு நின்றுவிடாமல் மேடை நாடகம், உறியடி, பாறையேற்றம் என்று ஏதாவது ஒன்று வருடம் முழுக்கக் கிடைத்தால் நல்லது.

தொடக்கப்பள்ளியில் குணநலன் பாடங்கள் தாய்மொழியிலேயே நடப்பதால் தமிழாசிரியர் கைக்கு இந்தச் சொற்கள் சீக்கிரமே வந்துவிடும். பத்து வயதுப் பிள்ளையிடம் ‘இடரேற்பு நடத்தை’ என்று பலகையில் எழுதச் சொல்லவில்லை. அங்கே வினையாகப் பேசினால் போதும்: “இதுல உனக்கு என்ன கிடைக்கும்? என்ன போகும்? வேண்டாம்னா எப்படிச் சொல்லுவே?” மூன்றாவது கேள்விக்கு வாய்விட்டுச் சொல்லிப் பழக்க வேண்டும். “பயிற்சி இருக்கு, கோச் மோப்பம் பிடிச்சிருவார்” என்று ஒரு சாக்கு நாக்கு நுனியில் இருந்தாலே பல பிள்ளைகளுக்கு அந்த நேரம் கடந்துவிடும்.

எழுதும்போது ஒரு கவனம். ‘இடரேற்பு மாணவர்’ என்று எழுதாதீர்கள், சொல் நடத்தைக்கு உரியது, ஆளுக்கு அல்ல. பெற்றோர் கடிதத்தில் ‘உங்கள் பிள்ளை அபாயகரமான நடத்தையில் ஈடுபட்டுள்ளார்’ என்ற வரி வரும் இடத்தில், ‘உங்கள் மகள் செவ்வாய்க்கிழமை இடைவேளையில் மின்சிகரெட் பிடித்தார், அதில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை, வந்து பேசுங்கள்’ என்று எழுதினால் கலைச்சொல்லே தேவைப்படாது.